சரிபார்ப்புப் படம்

கை எலும்பின் எக்ஸ்ரேயை வைத்துக் குழந்தையின் வயதைக் கணிக்கும் மென்பொருள் அது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். தினமும் முதல் நோயாளியைக் கூப்பிடுமுன், வயது தெரிந்த ஒரு படத்தைக் கொடுத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவள் அதற்குத் தன் மகளின் படத்தை வைத்திருந்தாள். பிள்ளை மாடிப்படியில் விழுந்த அன்று அவளே எடுத்தது. கை முறியவில்லை என்று நிம்மதியாகக் கூட்டிப்போனாள். தலையிலும் அடி பட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பிள்ளை எழுந்திருக்கவில்லை. இனி மாறாத வயது, சரிபார்க்கத் தோதானது.

தினமும் ஆறு வயது என்று சொல்லிவந்த மென்பொருள், போன குளிர்காலத்தில் அதே படத்துக்கு ஆறு வயது ஒரு மாதம் என்றது. அடுத்த மாதம், ஆறு வயது இரண்டு மாதம் என்றது. கணினிக்காரன் வந்து எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தான்.

“மத்த புள்ளைங்களுக்கு எல்லாம் கரெக்டாதான் சொல்லுதுக்கா. இது ஒண்ணுதான் ஒத்து வரல. வேற படம் வச்சுக்குங்க.”

“இருக்கட்டும் தம்பி. இதுவே பழகிடுச்சு.”

அதன்பிறகு அவள் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் பார்ப்பாள், சரி என்று குறிப்பாள், முதல் நோயாளியைக் கூப்பிடுவாள்.

மறுபடி குளிர் தொடங்கியது. வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்து குழந்தைக்குக் கையுறை கேட்டாள். கடைக்காரர் ஒரு சின்ன ஜோடியை எடுத்துப் போட்டார்.

“இது பத்தாதுங்க. வளர்ற கை.”

“புள்ளைக்கு என்ன வயசு?”

“காலையில பாக்கும்போது ஏழு.”