பெட்டியறைக் கதகதப்பு

குழந்தை வீறிட்டதும் ஆபீஸே எழுந்து நின்றுவிட்டது.

எழாமல் என்ன செய்யும்! ஆறு மாதமாகப் பகல் முழுக்கப் பிள்ளை இந்தப் பெட்டியறையில்தான் தூங்குகிறது, ஒரு நாளாவது சிணுங்கியதுண்டா?

ஹல்துமுல்லை ஊருக்கு மேலே, மூடுபனிக்குள் கிடக்கிற தேயிலைத் தோட்டம் அது. ஆபீஸின் கோடியில் ஓர் அறை, அறைக்குள் சேர்வர் கம்ப்யூட்டர். அங்கே யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. பெட்டி, அவ்வளவுதான். தோட்டத்தில் உள்ள அத்தனை பேரின் பெயர், வேலைக்கு வந்த நாள், பறித்த கொழுந்து எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அரதப் பழசு. மாற்ற வேண்டாமா என்று கேட்டால் தோட்ட மேனேஜர் துரைக்கு ஒரே பதில்தான்: ஓடுதுதானே.

ஓடியது, அதுவும் எவ்வளவு அழகாக! ம்ம்ம் என்று ஒரே சுருதி. அந்த இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து எல்லோரையும் அரைத் தூக்கத்திலேயே வேலை பார்க்க வைத்தது. மாதத்துக்கு மாதம் சூடும் ஏறியது. பெரிய கிளாக்கர் குமாரசிங்கம் நனைந்த காலுறையை அதன்மேல் காயப்போட்டார். குளிரில் தோசை மா புளிக்கவில்லை என்றால் பியோன் மாடசாமி சட்டியோடு வந்துவிடுவான். பழசானாலும் பாசமுள்ள பெட்டி என்று ஆளுக்கு ஆள் தட்டிக்கொடுத்தார்கள்.

ஜீவராணி பிள்ளையையே கொண்டுவந்தாள்.

கம்ப்யூட்டரில் பெயர் பதிகிறவள் அவள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. உடம்புச் சூடு குறையவே கூடாது, குறைந்தால் தாங்காது என்று பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தொழிலாளர் குடியிருப்பில் அவளுடைய லயத்து அறையிலோ சுவரெல்லாம் ஈரம். அதனால் பெட்டியின் பக்கத்தில் சேலையில் தொட்டில் கட்டினாள். வெளியே பனி மலையை மூடுவதும் விலகுவதுமாக இருக்க, பிள்ளை உள்ளே பச்சை விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உடம்பு தேறியது.

அந்தப் பிள்ளைதான் இப்போது கத்துகிறது.

எறும்பு கடித்திருக்கும் என்றார் கிளாக்கர். கண் பட்டிருக்கும் என்று மாடசாமி மிளகாய் தேடி ஓடினான். பெட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீவராணிக்கு மட்டும் கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. இந்த அறையில் அவள் கேட்டேயிராத சத்தம்.

பச்சை விளக்கைக் காணோம். எதுவோ கருகிய வாடை. பெட்டியின்மேல் கை வைத்தாள். ஆறிக்கொண்டிருந்தது.

பிள்ளையை வாரி ஸ்வெட்டருக்குள் விட்டு நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அத்தனை பெயருக்கும் வேறெங்கும் நகல் இல்லை என்பது கிளாக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டெலிபோன் அடித்தது, ஜீவராணி எடுத்தாள். மாதாமாதம் கொழும்பிலிருந்து பெட்டியை நலம் விசாரிக்கிற இஞ்சினியர் நிரோஜன்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஒருதரம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தவன் அவன். ஜீவராணியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: உள்ளே சூட்டைத் தணிக்கிற காற்றாடி தேய்ந்துவிட்டது, இனிப் பெட்டி சுட ஆரம்பித்தால் ஆபத்து, உடனே ஒரு வார்த்தை சொன்னால் போதும், துரையிடம் பேசிப் புதுசு கொண்டுவந்து வைக்கிறேன். புதுசு சுடவே சுடாது என்றும் பெருமையாகச் சொன்னான்.

"என்ன ஜீவராணி, பெட்டி சுடுதோ?"

ஒவ்வொரு மாதமும் இல்லவே இல்லை என்று கணீரென்று சொல்லிவிடுகிறவள், இன்றைக்கு ஸ்வெட்டருக்குள் கிடந்த பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"இனிமே சுடாதுங்க சேர்."