முந்திப் போன வர்ணனை

செங்கம் சாலை விடுதியின் வரவேற்பறை டிவியில் பனிச்சறுக்கு நடனம் ஓடியது. மேலாளர் குமரேசன் ஒன்றைக் கவனித்தார். வர்ணனை படத்துக்கு முன்னால் போனது. "கண்களாலேயே கெஞ்சுகிறார்" என்று குரல் சொன்ன பிறகுதான் ஆடுபவளின் கண்கள் கெஞ்சின.

"இவ்ளோ கம்மித் துணியில குளிராதாண்ணா?" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆராயி.

"நீ போய்ப் போர்த்திட்டு வா."

ஆட்டம் முடிந்து, ஆடியவள் குனிந்து வணங்கினாள். வர்ணனை நிற்கவில்லை.

"ஈரத் தரையில் என்ன நளினம்! அடி அண்ணாமலை ஊர் வளைவில் திரும்புகிறார். பச்சை ஹெல்மெட்டுக்குள் முகம் சிரிக்கிறது. எதிரே லாரி வருகிறது."

குமரேசனின் மகள் கீர்த்தனா பச்சை ஹெல்மெட்டோடு அந்த வழியில்தான் கல்லூரியிலிருந்து ஸ்கூட்டியில் திரும்புவாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்ல அவர் போன் செய்தார்.

"தோள்பைக்குள் போன் அடிக்கிறது. அப்பா கூப்பிட்டு அவர் எடுக்காமல் இருந்ததில்லை. கைப்பிடியிலிருந்து ஒரு கையை விடுகிறார்."

குமரேசன் பதறி அழைப்பைத் துண்டித்தார்.

"என்னவோ ஏதோ என்று, ஓட்டிக்கொண்டே அப்பாவைத் திரும்ப அழைக்கிறார்."

அவர் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. எடுத்தால் அவள் பேசிக்கொண்டே ஓட்டுவாள். துண்டித்தால் மறுபடி அழைப்பாள்.

"எடுங்கண்ணா, பாப்பாதான் கூப்புடுது" என்றாள் ஆராயி.

பாதியில் போன் அடங்கியது. அதே நொடியில் வர்ணனையாளரும் பேச்சை நிறுத்தினார். திரையில் அரங்கம் முழுவதும் கைதட்டாமல் எழுந்து நின்றது.