வெள்ளிக்கிழமை வட்டம்

“இன்னா டீச்சர், இந்த ஊடுதானே? உள்ள ஏதோ விசேசம் போல கீது. வாசல் பூரா செருப்பு!”

ஆட்டோக்காரருக்குக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கினாள் கஸ்தூரி. கையில் சாத்துக்குடிப் பை. ‘காய்ச்சல் அக்கா, எழுந்து உட்காரவே முடியல’ என்று சக ஆசிரியை சபீனா மதியம்தான் மெசேஜ் அனுப்பியிருந்தாள். பாவம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாளோ என்று பட்டாபிராம் பள்ளியிலிருந்து நேரே திருவேற்காட்டுக்குக் கிளம்பி வந்திருந்தாள் கஸ்தூரி.

வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அந்தத் தோல் செருப்பு பிரசன்னாவுடையது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பள்ளி மணி அடித்ததும் ஓடியவன். பக்கத்தில் நீலப் பட்டை வைத்தது ஜமீலாவுடையது. நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னவள்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை வட்டம் கஸ்தூரி தொடங்கியது. வாரக் கடைசியில் பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர்கள் ஒரு வகுப்பறையில் உட்காருவார்கள். எந்தப் பாடம் சொதப்பியது, அடுத்த முறை எப்படி நடத்தலாம் என்று மனம்விட்டுப் பேசுவார்கள். “தெரியலைன்னு சொல்றதுக்கு வாத்தியாருக்கும் ஒரு இடம் வேணும் இல்லையா?” என்பாள் கஸ்தூரி.

அதை நடத்திக்கொண்டு போவது லேசான காரியமாக இல்லை. “டீச்சருங்க உக்காந்து பேசுறதுக்கு எதுக்கும்மா ரூமும் கரண்டும்? அந்த நேரத்துல ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாமே” என்பார் பள்ளியை நடத்தும் கரெஸ்பாண்டன்ட். கஸ்தூரி விடமாட்டாள். மாதாமாதம் அவர் அறையில் போய் உட்கார்ந்து, யார் எங்கே தடுமாறினார்கள், எப்படி மேலே ஏறி வந்தார்கள் என்று கதை கதையாகச் சொல்லி அந்த நேரத்தைக் கேட்டு வாங்கி வருவாள்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வருடம் வட்டம் கரையத் தொடங்கியது. கணக்கு டீச்சர் ஷர்மிளாவைக் கோடை விடுமுறையோடு வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். ரிசல்ட் போதவில்லை என்று பேச்சு. அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் கஸ்தூரிதான். மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமையானால் காய்ச்சல், கல்யாணம், ஆஸ்பத்திரி. இன்று யாருமே வராத வகுப்பறையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அவள் புறப்பட்டிருந்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது.

“சரி, இந்த வாரம் யாருக்கு எது சொதப்பிச்சு?”

சபீனாவின் குரல். காய்ச்சலின் சாயலே இல்லை. அந்தக் கேள்வி கஸ்தூரியுடையது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் வட்டத்தைத் தொடங்கும் அதே வார்த்தைகள்.

“எனக்குத்தாங்க” என்றான் பிரசன்னா. “எட்டாம் கிளாஸ்ல மேப்பையே தப்பாக் காட்டிட்டேன். ஒரு பொண்ணு எழுந்து கேட்டப்புறம்தான் எனக்கே உறைச்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது. கஸ்தூரியின் முன்னால் பிரசன்னா இப்படி வாய் திறந்து எத்தனையோ மாதமாகிறது.

வட்டம் நிற்கவே இல்லை. அவளை மட்டும் வெளியே தள்ளிவிட்டு நடந்துகொண்டிருக்கிறது.

கதவைத் தள்ளினாள்.

சிரிப்பு அடங்கியது. தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில், காகிதத்தை மடித்து ஏதோ கணக்கு காட்டத் தயாராக இருந்தாள் ஷர்மிளா.

“காய்ச்சல் விட்டுடுச்சா சபீனா?”

சபீனா பதறி எழுந்தாள். “அக்கா, உள்ள வாங்க...”

“அக்கான்னு கூப்பிடாதே. வேலைக்குச் சேந்த புதுசுல கிளாஸுக்குள்ள போகவே பயந்து ஸ்டாஃப் ரூம்ல அழுதியே, அப்ப பக்கத்துல உக்காந்து தேத்தினவ நான். பின்பெஞ்சுல உக்காந்து உன் பாடத்தைக் கேட்டு, உன்னைத் தூக்கி நிறுத்தினேன். இப்ப நான் ஆரம்பிச்சதையே எனக்குத் தெரியாம தூக்கிட்டு வந்து உன் வீட்ல வச்சிருக்கே!”

ஜமீலா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நான் வந்தா உங்களுக்கெல்லாம் என்ன கெட்டுப்போயிடும்? ஏன் ஷர்மிளா, நீகூடவா? உனக்காக கரெஸ்பாண்டன்ட்கிட்ட நான் எவ்வளவு பேசியிருப்பேன் தெரியுமா?”

“தெரியும் மிஸ்.”

“அப்புறம்? ரிசல்ட் சரியில்லைன்னு அவர் எடுத்த முடிவுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“ரிசல்ட் இல்ல மிஸ்.” ஷர்மிளாவின் குரலில் கோபமே இல்லை. “பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாத் திருப்பிப் போடுறோம்னு உனக்கே தெரியாதாமே, உன்னை நம்பி எப்படிப் பிள்ளைங்களை விடுறதுன்னு கேட்டார். அன்னிக்கோட என்னை வர வேணாம்னுட்டார்.”

கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அதை நீ நம்ம வட்டத்துலதானே சொன்னே? வெளியில யாருக்குமே தெரியாதே!” சட்டென்று மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “யாரு? உங்கள்ல யார் போய் அவர்கிட்ட சொன்னது?”

பிரசன்னாவைப் பார்த்தாள். ஜமீலாவைப் பார்த்தாள். சபீனாவைப் பார்த்தாள். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மிளாதான் மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க என்னைப் பாராட்டித்தான் சொன்னீங்களாம், மிஸ்.”