எழுபத்தொரு பேர்

"நாற்பது பேருக்கு ஒரு ஆள் குறைஞ்சாலும் சபையை மூடிடுவீங்களா ஐயா?" என்று கேட்டாள் படகை ஓட்டி வந்த பெண்.

"நானா மூடுறேன்? தலைமையிடத்து உத்தரவும்மா. ஆராதனைக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணி எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான் என் வேலை." மேற்பார்வைக்கு வந்த போதகர், அலைத் துளி படாமல் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சபை போச்சுன்னா சபைப் படகும் போயிடுமே!"

"அதையும் எடுத்துக்குவாங்க."

சுற்றியிருந்த மூன்று தீவுகளுக்கும் வாரம் தவறாமல் டாக்டரை அழைத்து வருவது அந்தப் படகுதான். யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், எந்த வீடு என்று கேட்காமல் கிளம்பிவிடும்.

"அப்ப நிதானமா எண்ணுங்க ஐயா," என்றாள் அவள். குரலில் பயம் துளியும் இல்லை.

கரையில் வரவேற்க உள்ளூர்ப் போதகரைக் காணோம்.

"பக்கத்துத் தீவுல காத்து நிறைய வீட்டுக் கூரையைப் பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அவரு வியாழக்கிழமையே அங்க போயிட்டாரு. ஆராதனையை நீங்களே நடத்தணுமாம்," என்றாள் படகோட்டி வந்தவள்.

"நான் வர்றது தெரிஞ்சுமா போனாரு?"

"தெரியுமே!"

அவருக்குச் சுருக்கென்றது. மேய்ப்பரே ஊர் சுற்றப் போனால் ஆட்கள் எப்படிச் சேருவார்கள்? மனத்துக்குள் பாதி அறிக்கையை எழுதிக்கொண்டே ஆலயத்துக்குள் காலெடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

உட்கார இடம் இல்லை. சன்னலோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். இரண்டு முறை எண்ணினார். எழுபத்தொரு பேர்!

ஆராதனையும் சாதாரணமாக இல்லை. எழச் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். பாட்டில் வார்த்தை கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. ஜெபம் முடிவதற்கு முன்பே இரண்டு முறை "ஆமென்" போட்டார்கள். என்ன ஒரு ஆர்வம் என்று நெகிழ்ந்துபோனார் போதகர்.

கடைசியில் அவரால் அடக்க முடியவில்லை. "இந்தச் சபையை யாரும் மூட முடியாது!" என்று பீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

திரும்பும்போது படகிலேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டார்.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு சபையைப் பார்த்ததில்லம்மா. நீங்க எத்தனை வருஷமா இதுல இருக்கீங்க?"

"நானா? நான் சபையில இல்லையே ஐயா."

"அப்படியா? உங்க பக்கத்துல உட்கார்ந்து சத்தமா பாடினாரே, அவரு?"

"என் கொழுந்தனாரு. அவரும் இல்ல."

"முன்வரிசையில இருந்த பெரியவர்?"

"அவரு என் மாமனாரு. வாழ்க்கையிலயே இன்னிக்குத்தான் உள்ள வந்தாரு."

"அந்த எழுபத்தொரு பேர்ல யாருதாம்மா சபைக்காரங்க?"

"ஒருத்தரும் இல்ல ஐயா."

"என்னை ஏமாத்திட்டீங்களே!" அவர் படிவத்தை வெடுக்கென்று வெளியே எடுத்தார், எழுதிய எண்ணை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "தாராளமா அடிங்க. ஆனா இதையும் கேட்டுக்கிட்டு அடிங்க. சபைக்காரங்க மொத்தமே இருபத்திரண்டு பேரு. 'எண்ண ஆள் வர்றாங்க, இன்னிக்கு மட்டுமாவது உங்க கோயில்ல இருங்க'ன்னு நாங்க கெஞ்சினோம். 'மழை நாள் பார்த்துக்கிட்டா வரும்? சபை போனா போகட்டும்'னு சொல்லிட்டாங்க."

"எங்கதான் இருக்காங்க அவங்க?"

"எங்க தீவுலதான் ஐயா. வியாழக்கிழமையிலிருந்து உங்க போதகரோட சேர்ந்து எங்க வீட்டுக் கூரைங்க மேல ஏறி நின்னு ஓடு போட்டுக்கிட்டிருக்காங்க. அதான், அவங்க இடம் காலியா கிடக்கக் கூடாதுன்னு நாங்க வந்து உட்கார்ந்தோம்."

போதகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.