மேல்படி

"ஆல்வேஸ்," என்றான் தம்பி.

அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதியோர் இல்லத்து மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அம்மா படுக்கையை நனைத்துவிடுவாரா, எப்போதெல்லாம் என்று இங்கிலீஷில் கேட்டிருந்தார். அக்காவுக்குக் கேள்வி பாதி புரிந்தது, பதில் முழுதாகப் புரிந்தது.

அவள் மகன் வீட்டுப்பாடத்துக்கு ஏணி வரைந்து படிக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தான். அடியில் நெவர், நடுவில் சம்டைம்ஸ், உச்சியில் ஆல்வேஸ். அவன் கத்திக் கத்தி ஒப்பித்ததில் அடுப்படியில் நின்ற அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. கட்டிலில் கிடந்த அம்மாவுக்கும்தான்.

அம்மாவுக்கு நடுப்படிதான். அதுவும் எழுப்பிக் கூட்டிப்போகத் தாமதமானால் மட்டும். நடுப்படி ஆட்களை இங்கே சேர்ப்பதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது தம்பிக்குத் தெரியும்.

பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வாய் கூசாமல் சொல்கிறானே. ஒரு நாளாவது ஒரு விரிப்பை அலசியிருப்பானா? வந்தால் வாசலோடு சரி, மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான். இப்போதும் சக்கர நாற்காலியைத் தள்ளிய கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கைக்குட்டையின் சென்ட் வாசனை மூத்திர நாற்றத்தைவிட மோசம். தூ, இதுவும் ஒரு பிள்ளை.

கூடவே இருந்து பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார் மேலாளர். தம்பி வேறு வழியில்லாமல் அக்காவைக் கைகாட்டினான்.

மேலாளர் அவள் பக்கம் திரும்பி, அதே கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். குட்டு உடையப்போகிறது என்று பயந்திருப்பான்.

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. நடுப்படி வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"ஆல்வேஸ்," என்றாள்.

மேலாளர் தலையாட்டினார். தம்பி பெருமூச்சு விட்டான். அவளுக்கு மறுபடியும் குமட்டியது. இந்தத் தடவை அதற்குச் சென்ட் காரணமில்லை.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏணில மேல்படி வார்த்தைதானேடி அது? ரெண்டு பேரும் அதையே சொல்றீங்க. நான் என்ன அவ்வளவு நல்லவளா?"