ஹின்டாவின் மகன் கல்மன்

தொலைபேசி அடித்தபோது ஸெல்டாவின் இரண்டு கைகளும் கெண்டை மீனின் வயிற்றுக்குள் இருந்தன.

"ஸ்பீக்கர்ல போடு, பெய்லா."

மாடி வீட்டுப் பெய்லா எட்டிப் பொத்தானை அழுத்தினாள். மேஜைமேல், வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில், அவள் கொண்டுவந்த பழுப்பு உறை கிடந்தது.

மகள் ரெய்ஸியின் இதய ஆபரேஷனுக்கு வியன்னா போகப் பெய்லா சேர்த்த பணம் முழுவதும் அதில் இருந்தது. ஆறு வயதுக் குழந்தை. மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கும். உதடு நீலமாகிவிடும்.

பதினோரு மணிக்கு, நோயாளிகளுக்காக ஜெபம் செய்யும் ஒரு பிரார்த்தனை அமைப்பின் ஆள் வந்து உறையை வாங்கிக்கொண்டு போகப் போகிறான். வலிக்கிற அளவுக்குக் கொடுத்தால் குழந்தைக்குக் கத்தியே வேண்டாம் என்று பெய்லாவிடம் சொல்லியிருந்தார்கள். பாதி நம்பிக்கையோடு கொடுத்தால் பலிக்காதாம்.

யூதர்களின் ஊரான ப்னெய் ப்ராக் முழுக்க அவர்களுடைய வெள்ளைத் தாடி மதகுருக்களின் சுவரொட்டிதான். ஸெல்டா எந்தத் தருமத்துக்கும் விசாரிக்காமல் ஒரு காசு கொடுத்தவள் இல்லை. யார் கணக்குப் பார்க்கிறார்கள், உதவி வாங்கின இரண்டு பேரைக் காட்டு என்பாள். இவர்களிடமும் கேட்டாள். ரசீது கேட்டால் ஆசீர்வாதம் அனுப்பினார்கள். கணக்குக் கேட்டால் வழவழப்பான தாளில் இன்னும் நாலு தாடி வந்தது.

பெய்லாவிடம் இதைச் சொன்னால் அழுதாள். அழுகிறவளிடம் எவ்வளவு வாதாட முடியும்?

"சரி, நானும் ஜெபத்துக்கு ஒரு பேரு குடுத்துப் பாக்கறேன். நாப்பது நாள் பொறு. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள் ஸெல்டா.

ஒரு மீன் வாங்கும் காசை அனுப்பி, பெயரையும் எழுதிக் கொடுத்தாள். ஹின்டாவின் மகன் கல்மன்.

நோயாளிக்காக வேண்டும்போது அம்மா பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். அப்பன் பெயர் கல்லறைக் கல்லுக்கு. பெய்லாவும் தன் பெயரைத்தான் எழுதியிருந்தாள், பெய்லாவின் மகள் ரெய்ஸி என்று.

கல்மன் யார் என்று பெய்லா கேட்டதற்கு, வேண்டப்பட்டவர் என்று மட்டும் ஸெல்டா சொன்னாள். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆன பெய்லா அதற்குமேல் தோண்டவில்லை.

இன்று நாற்பதாவது நாள்.

"ரப்பி பேசறேம்மா" என்று ஃபோனில் அந்த அமைப்பின் மதகுருவுடைய குரல் குழைந்தது. "பத்துப் பேர் நாப்பது நாளும் மகானோட சமாதியில நின்னு அழுதிருக்காங்க. இன்னிக்குக் காலைல உங்க கல்மன் பேரைச் சொன்னப்ப எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. அவர் முகத்துல ஒரு தெளிவு வந்திருக்குமே, பாத்தீங்களா?"

அந்தப் பெயரை அந்த வாயில் கேட்டதும் ஸெல்டா குடலை வெடுக்கென்று இழுத்தாள். மீன் குடல் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம், அப்படி இழுக்கிறவள் இல்லை.

"எப்பவும் போலத்தான் இருக்காரு."

"ஆகாரம் எடுத்துக்கறாரா?"

"இல்ல."

"பேச்சு?"

"இல்ல."

"பேசுவாரு பாருங்க. மேல தீர்ப்பை மாத்தி எழுதியாச்சு. எனக்குத் தெரியுது. இன்னும் ஒரு நாப்பது நாள், அவ்வளவுதான். நடுவுல விட்டீங்கன்னா செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்."

பெய்லாவின் கண் நிறைந்துவிட்டது. உறையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களாக்கா?" என்றாள் ரகசியக் குரலில். "நான்தான் சொன்னேனே."

ஸெல்டாவின் விரலுக்கடியில் மீனின் பித்தப்பை உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பித்தப்பையை உடைத்ததில்லை. இனி அந்த மீன் கசக்கும், ஓய்வுநாள் மேஜைக்கு ஆகாது.

"நம்ம ஆள்கிட்ட எண்ணெய் குடுத்தனுப்பறேன், சமாதியில வச்சு ஜெபிச்ச எண்ணெய்" என்றது குரல். "நெத்தியில தடவணும். எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூமுன்னு சொல்லுங்க."

ஸெல்டா கையை மீனிலிருந்து எடுத்தாள். பச்சைப் பித்தம் முழங்கை வரை வழிந்தது. குனிந்து, ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஆஸ்பத்திரி இல்ல. ஊர் எல்லையில, மேட்டுமேல. பதினாலாவது வரிசை, சுவரோரம். என் வீட்டுக்காரர் எட்டு வருஷமா அங்கதான் படுத்திருக்காரு. நெத்தி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. கல்லுலயே தடவிடட்டுமா?"



பெய்லா ஸெல்டாவைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அதன் மூலையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, உறையைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

வெட்கப்பட்டு வைத்துவிடுவான் என்று ஸெல்டா நினைத்தாள். அந்த அளவுக்காவது மனுஷனாக இருப்பான் என்று.

குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"அதனால ஒண்ணுமில்லம்மா. ஆன்மா மேல ஏறுறதுக்கும் நம்மகிட்ட நாப்பது நாள் இருக்கு. அதுக்கு அம்மா பேரு ஆகாது. அவரோட அப்பா பேரு என்ன?"