பாறை விளிம்பில் ஒரு சொல்

மழை விட்ட, வட இங்கிலாந்தின் கம்ப்ரிய மலைச்சரிவில் வெயில் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. கீழே, பாறை விளிம்பின் சிறு புல்திட்டில், ஐசக்கின் ஆடு குட்டியோடு சிக்கி நிற்கிறது. பின்னால் பெரும் பள்ளம். பக்கத்துப் பண்ணை ஜென்னட்டின் நாய் விளிம்போரமாக ஊர்ந்து அதை மேலே திருப்பப் பார்க்கிறது. மேலே ஐசக்கின் பக்கத்தில் நின்று, “ஸ்டெடி” என்கிறாள் ஜென்னட்; நிதானம் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் நாய் வயிற்றைப் புல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வெட்டிச் சொன்னால் ஒரே ஒரு கால் எடுத்து வைக்கிறது. தணிந்த குரலில் சொல்வது ஆட்டுக்கு. விறைத்திருந்த அதன் காதுகள் தளர்கின்றன. ஒரே சொல்லுக்குள் இத்தனை இருப்பதை ஐசக் மூச்சடக்கிக் கேட்கிறான்.

“நாய் இன்னும் ஒரு அடி வச்சா ரெண்டும் போச்சு, ஜென்னட்.”

“வாய மூடு ஐசக். உன்னைவிட அதுக்கு வெவரம் ஜாஸ்தி.”

பொறுக்கமாட்டாமல் அவன் காலைத் தூக்குகிறான். “ஸ்டெடி.” கால் அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. அது தனக்குச் சொன்னது என்று பிறகுதான் உறைக்கிறது. ஆடு மெல்லத் திரும்புகிறது. குட்டி பின்தொடர ஒற்றைத் தடத்தில் மேலேறி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மேயத் தொடங்குகிறது. இதுவரை அசையாதிருந்த ஜென்னட்டின் கைகள் இப்போதுதான் நடுங்குகின்றன. அவற்றைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறாள். ஐசக் அதைக் காணாதவன்போல் முகத்தைத் திருப்பி, வெகுநேரம் மேகங்களைப் பார்க்கிறான்.